எம்.சி.பி. இருக்கிறதே, பிறகு ஏன் ஷாக் அடிக்கிறது? – மின்சாரக் கேள்வி பதில்

வீட்டு ஒயரிங், மோட்டார், மின்கசிவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் வீட்டு கிரைண்டரைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிக்கிறது. மூன்று பின் பிளக், எர்த் பிட், 16 ஆம்பியர் எம்.சி.பி. எல்லாமே இருக்கிறது. கசிவு இருந்தால் எம்.சி.பி. விழ வேண்டாமா? அது கெட்டுவிட்டதா?
– வாசகி, ஈரோடு

எம்.சி.பி. கெடவில்லை. அது ஒயரைக் காப்பாற்ற வைத்த கருவி. ஆளைக் காப்பாற்ற வைத்தது அல்ல. அளவுக்கு மீறிய கரண்ட் போய் ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க அது விழும், அதாவது தானாக அணைந்துவிடும். உங்கள் கிரைண்டரில் ஓடும் கசிவு அதன் கண்ணுக்கே தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கிரைண்டருக்குள் ஃபேஸ் ஒயர் நேராக பாடியில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் உங்கள் எர்த் பிட் வழியாக மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். உங்கள் எர்த்தின் தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தின் தடை 2 ஓம் என்றால் 230-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 19 ஆம்பியர். ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழ அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 19 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். அதுவரை கிரைண்டர் பாடியில் நிற்கும் மின்னழுத்தம் 19-ஐ 10-ஆல் பெருக்கியது, சுமார் 190 வோல்ட். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனால் தொட்டவர் கையில் 190 வோல்ட்.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்.சி.சி.பி. என்ற, கசிவைக் கண்டு விழும் சுவிட்ச். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் விழும்; 150 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.04 விநாடிக்குள். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டிச் சில விநாடிகள் ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் ஆபத்து. அந்த எல்லையில் வைத்துத்தான் 30 என்ற அளவு. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் ஷாக் ‘தெரியும்’, நீடிக்காது, அவ்வளவுதான்.

அதற்காக எர்த் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எர்த் இருந்தால், கசிவு தொடங்கியதுமே, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் உடம்புதான் எர்த் ஆகி அதை விழவைக்க வேண்டும். இன்னொரு நல்ல செய்தி: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் எர்த் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் வேலை நடக்கும். பாடியில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்தால், 50-ஐ 0.03 ஆம்பியரால் வகுக்க 1,600 ஓமுக்கு மேல் வருகிறது; எர்த்தின் தடை கணக்குப்படி அதுவரை போகலாம்.

இனி கிரைண்டர். கடைக்குப் போகும்வரை ஓட்டாதீர்கள். முதலில் சாக்கெட்டின் பெரிய துளையில் எர்த் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று, மெயினை அணைத்துவிட்டு, போர்டைக் கழற்றிப் பாருங்கள். காலியாக விட்ட எர்த் ஸ்க்ரூ நம் வீடுகளில் சகஜம். பிறகு பிளக்கின் பெரிய பின்னுக்கும் கிரைண்டரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். கிரைண்டரில் பழுது வழக்கமாக இரண்டு இடத்தில்: குழவி, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒழுகி மோட்டாருக்கோ சுவிட்சுக்கோ போயிருக்கும், அல்லது கார்டு உள்ளே நுழையும் இடத்தில் நசுங்கி, உள் ஒயர் பாடியில் உரசியிருக்கும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்த்தார்கள். பளிச்சென்று எரிந்தது. நம்பலாமா?
– வாசகர், கரூர்

எர்த் ஒயர் எங்கோ மண்ணைத் தொடுகிறது என்பது வரை நம்பலாம். அதற்கு மேல் பல்பு எதையும் சொல்லவில்லை. 100 வாட் பல்பின் தடை எரியும்போது 529 ஓம். உங்கள் எர்த் 50 ஓம் என்று மோசமாக இருந்தாலும் அதில் இழப்பது 20 வோல்ட்தான். பல்பு 210 வோல்ட்டில் எரியும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சரியாக அளக்க, எர்த்தின் தடையை அளக்கும் மீட்டரான எர்த் மெகர் வேண்டும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இந்தப் பல்புச் சோதனையைச் செய்தால் பல்பு எரியாது, ஆர்.சி.சி.பி. விழும். அது விழுந்தால் நல்லது.

புதிதாக எர்த் போடுபவர்களுக்கு: 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி. சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. உப்பு பைப்பை அரிக்கும் என்பதும் உண்மை, மண் வறண்டால் எர்த்தின் தடை ஏறும் என்பதும் உண்மை; கோடையில் புனல் வழியாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பைப்பை இறுக்கும் போல்ட்டு சிமென்ட் தொட்டிக்குள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் பைப் அல்ல, துருப்பிடித்த அந்த போல்ட்டுதான்.

ஆர்.சி.சி.பி. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை விழுகிறது. எலக்ட்ரீஷியன் தம்பி ‘இதை எடுத்துட்டு ஐசொலேட்டர் போட்டுடலாம் அண்ணா, தொல்லை இல்லை’ என்கிறார். போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

கூடாது. ஐசொலேட்டர் கையால் அணைக்கும் வெறும் சுவிட்ச், கசிவைப் பார்க்காது. நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் திருடனை வீட்டுக்குள் விடுகிற யோசனை இது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைத் தவிர்க்கத்தான் இந்த யோசனை வருகிறது. அந்த வேலை அரை நாள் பிடிக்கும். செய்யும் முறை இது.

டி.பி.யில் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) எல்லாத் தனி எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட். இப்போது அந்த சர்க்யூட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்க வேண்டும். கவனியுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் ஒயர் அப்படியே கருவிக்குள் போய்க்கொண்டிருக்கும். நியூட்ரல் பாடியைத் தொட்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். ‘எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் விழுது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். டி.பி.யில் உள்ள ஒற்றைத் துருவ எம்.சி.பி.யும் அப்படித்தான்: ஃபேஸை மட்டும் வெட்டும். ஆக, எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருந்தும் விழுந்தால் நியூட்ரல் பக்கம் சந்தேகப்படுங்கள்.

பிளக்குகளைப் பிடுங்கியபின் நின்றால், ஒவ்வொன்றாக மாட்டுங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியவை: கீசர், வாஷிங் மெஷின், பழைய ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், மாடிப்படியிலும் காம்பவுண்டிலும் மழை படும் இடத்து விளக்குகள், மோட்டார். மழை நாளில் மட்டும் விழுந்தால் நேரே வெளி விளக்குக்குப் போங்கள்.

எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் ஒயரிங். மெயினை அணைத்து, எலக்ட்ரானிக் கருவிகளையெல்லாம் கழற்றி, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த ஒயர் ஈரம் கோத்திருக்கிறது, அல்லது ஆணியோ ஸ்க்ரூவோ குத்தியிருக்கிறது.

ஒரு ரூமின் நியூட்ரலை இன்னொரு ரூமின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டு, இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. வைத்தாலும் விழும், அது ஒயரிங் போட்டவரின் பிழை. பழுதே இல்லாமல் விழுவதும் உண்டு: 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எந்த அளவிலும் அது விழலாம், நிறைய கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏ.சி., எல்.இ.டி. டிரைவர் எல்லாம் ஒரே ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் ஒவ்வொன்றின் சிறு கசிவும் கூடிவிடும். அப்போது சர்க்யூட்டுகளை இரண்டு ஆர்.சி.சி.பி.யாகப் பிரிப்பதே வழி. புதிதாக ஆர்.சி.சி.பி. வாங்குபவர்கள் ‘ஏ.சி.’ வகையைவிட ‘ஏ’ வகையை வாங்குவது மேல். எலக்ட்ரானிக் கருவிகளின் கசிவையும் அது பிடிக்கும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பட்டன், ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். உங்கள் எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

சுவிட்ச், ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவது போன்ற சின்ன வேலைக்கு அந்த சுவிட்சை அணைத்தால் போதாதா? இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் என்ன செய்வது?
– வாசகர்கள், மதுரை, தாம்பரம்

போதாது. நீங்கள் கழற்றப் போவது அந்த சுவிட்சையேதான். அதன் ஒரு காலில் ஃபேஸ் எப்போதும் நிற்கும். ரூம் எம்.சி.பி.யை இறக்குவதும் முழுப் பாதுகாப்பு அல்ல, ஏனென்றால் ஒரே போர்டுக்குள் இரண்டு சர்க்யூட் ஒயர் வருவது வழக்கம்: லைட், ஃபேன் இன்வெர்ட்டரிலிருந்து, சாக்கெட் நேர் லைனிலிருந்து.

இன்வெர்ட்டரில் ஒரு சூட்சுமம். மெயினை மட்டும் அணைத்தால் பேட்டரி எடுத்துக்கொள்ளும். போர்டில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். இன்வெர்ட்டரின் முன் பட்டனை மட்டும் அணைத்தால், இ.பி. கரண்ட் பைபாஸ் வழியாகப் போர்டுக்கு வந்துகொண்டிருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். மாடியில் சோலார் இருந்தால், ஏ.சி. பக்கம் அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் டி.சி. நின்றுகொண்டே இருக்கும், அந்த ஒயரை நீங்களாகத் தொடவே வேண்டாம்.

அணைத்த மெயினின் மேல் டேப் ஒட்டி, ‘வேலை நடக்கிறது, போடாதே’ என்று எழுதிவிடுங்கள். டி.வி. ஓடவில்லையே என்று யாராவது வந்து ஏற்றிவிடுவார்கள். கடைகளில் எம்.சி.பி. லாக் கிடைக்கிறது, தொழிலாக இதைச் செய்பவர்களிடம் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

அடுத்தது கரண்ட் இல்லை என்று உறுதி செய்வது. டெஸ்ட் லாம்பையோ மல்டிமீட்டரையோ முதலில் கரண்ட் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறது என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். பிறகு திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மூன்றாவது படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டரின் ஃபியூஸோ பேட்டரியோ போயிருந்தால், அது காட்டிய பூஜ்யத்துக்கு அர்த்தமே இல்லை.

மாட்டும்போது ஒயர் நுனியை 8 முதல் 10 மி.மீ. மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் இறுக்குங்கள். சுவிட்ச் ஃபேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் வந்திருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். பல்பு மாற்றப் போனவர் தூக்கி எறியப்படுவது அப்படித்தான். அணைத்த எல்.இ.டி. பல்பு இரவில் மினுக் மினுக்கென்று எரிந்தால் இதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். (இண்டிகேட்டர் உள்ள சுவிட்ச் என்றாலும் அப்படி எரியும், அது வேறு.)

புது ஒயரிங், லோடு கூட்டுவது, மீட்டர் போர்டைத் தொடுவது இவையெல்லாம் இந்தப் பதிலில் அடங்காது. அவற்றுக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்.

சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை. டபுள் கரண்ட் வந்துவிட்டதா?
– வாசகி, தேனி

நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஆன் ஆகியிருக்கும் பல்பு அல்லது ஃபேன் வழியாக ஃபேஸ் நியூட்ரல் ஒயருக்குள் வந்து நிற்கிறது. திரும்பிப் போக வழியில்லை. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துப் பாருங்கள், ஒரு துளையில் டெஸ்டர் அணைந்துவிடும். பல்பு எரியவில்லையே, கரண்ட் இல்லை என்று நினைத்து இந்த நிலையில் ஒயரைத் தொடுவதுதான் ஆபத்து. அறுந்த நியூட்ரலைத் தேடச் சோம்பல்பட்டு, எர்த்தையே நியூட்ரலாக மாட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். விளக்கு எரியும், நீங்களும் பணம் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். எர்த் போல்ட் லூசாகும் நாளில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாவற்றின் பாடியிலும் ஃபேஸ் வந்து நிற்கும்.

டெஸ்டரைப் பற்றி ஒன்று: அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மர ஸ்டூலில் ஏறி நின்றாலோ, பகல் வெளிச்சம் அதிகமாக இருந்தாலோ நியான் எரிவது தெரியாது.

ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வேலை செய்தால் ஷாக் அடிக்காதா?
– வாசகர், காரைக்குடி

ஒரு கையில் ஃபேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பட்டால் கரண்ட் நெஞ்சைக் கடந்து போகும். செருப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு பல்பு. ஈரமான சுவரில் மறு கையை ஊன்றினாலும் செருப்பால் பயனில்லை. கையுறை வேண்டுமென்றால் ஐ.எஸ். 4770 முத்திரை உள்ளதை வாங்கி, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சமையலறைக் கையுறை எதற்கும் ஆகாது.

தோட்டத்து நீர்மூழ்கி மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை, மெயினை அணைத்துவிட்டுத்தான் திறந்தேன். அப்படியும் உதறித் தள்ளியது. எப்படி?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

கண்டன்சர். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் பெட்டியில் 36 அல்லது 50 மைக்ரோ ஃபேரட் ரன் கண்டன்சர், கூடவே 100-க்கு மேல் ஒரு ஸ்டார்ட் கண்டன்சர் இருக்கும். அணைத்த கணத்தில் அதில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். உள்ளே கசியவிடும் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அது நெடுநேரம் அப்படியே நிற்கும்.

ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து ‘படார்’ என்று அடிக்கிறார்கள். முனை தீய்ந்து, கண்டன்சரும் கெடும், கண்ணில் பொறி தெறிக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு பக்கமும் இன்சுலேஷன் உள்ள ஒயரை சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனைகளைக் கண்டன்சரின் இரு காலிலும் பத்து விநாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள், ஏ.சி.யில் வைத்தால் நிரம்பிய கண்டன்சரும் பூஜ்யம்தான் காட்டும். சீலிங் ஃபேனில் உள்ள 2.5 மைக்ரோ ஃபேரட் கண்டன்சர் ஆளைக் கொல்லாது, ஏணியிலிருந்து தள்ளிவிடும்.

இன்னொன்று: ஸ்டார்ட்டரின் சிவப்பு பட்டனை அழுத்துவது அணைப்பது ஆகாது. ஆட்டோ ஸ்டார்ட்டர், டைமர், மொபைல் ஸ்டார்ட்டர் வைத்தவர்கள் பெட்டிக்குள் கை வைத்திருக்கும்போது லைன் வந்தால் அது தானாக ஓடத் தொடங்கும். மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்த் திறங்கள்.

திடீரென்று ஹாலில் லைட் பளீரென்று எரிகிறது, படுக்கையறையில் மங்கல். டி.வி. புகைந்துவிட்டது. த்ரீ ஃபேஸ் இணைப்பு.
– வாசகர், கோவை

மெயின் நியூட்ரல் போய்விட்டது. யோசிக்காமல் மெயினை இறக்குங்கள், பிறகு போன் செய்யுங்கள். நியூட்ரல் இல்லாவிட்டால் இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை, இரு பக்கத்து லோடுகளும் தங்கள் தடைக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு ஃபேஸில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் மற்றொன்றில் 100 வாட் பல்பு மட்டுமே இருந்தால், பல்பின் மேல் 360 வோல்ட்டுக்கு மேல் விழும். லேசான லோடுள்ள பக்கம்தான் முதலில் எரியும்; அதனால்தான் டி.வி., செட்டாப் பாக்ஸ், சார்ஜர் போகிறது.

காரணம் பெரும்பாலும் கம்பத்திலோ கட் அவுட்டிலோ நியூட்ரல் அலுமினிய ஜாயின்ட் பூத்துப்போவது. கம்பத்து ஜாயின்ட் இ.பி. வேலை, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: நியூட்ரலில் ஃபியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு லிங்க் (உருகாத நேர் இணைப்பு) போடுவது, மின்னழுத்தம் ஏறினாலோ இறங்கினாலோ லைனை வெட்டும் ஓவர்–அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்று வைப்பது. அந்த ரிலேயின் விலை ஒரு டி.வி.யின் விலையில் சிறு பங்குகூட வராது.

குளிக்கும்போது கீசரை அணைக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, வேலூர்

அணைத்துவிட்டுக் குளியுங்கள். உப்புத் தண்ணீர் போர் உள்ள ஊர்களில் ஹீட்டிங் எலிமென்ட்டின் உலோக உறை பொத்துப்போய்த் தண்ணீருக்கே கரண்ட் வரும். உங்கள் வேலூர்ப் பக்கத்துத் தண்ணீருக்கு சர்வீஸ்காரர் வரும்போதெல்லாம் உள்ளே மெக்னீசியம் ராடு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது கரைவதால்தான் டாங்கும் எலிமென்ட்டும் பிழைக்கின்றன. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, இரு துருவமும் வெட்டும் 20 ஆம்பியர் ‘டபுள் போல்’ சுவிட்சாக இருக்கட்டும். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் என்றால் 13 ஆம்பியர், 4 சதுர மி.மீ. போடுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு இன்னும் மோசம். சூடு பார்க்க விரலை வைப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள்.

லேப்டாப் சார்ஜ் ஏறும்போது மேல்பக்கம் தடவினால் சுறுசுறுவென்று இருக்கிறது.
– கல்லூரி மாணவர், திருச்சி

சார்ஜரில் இரைச்சலை வடிகட்டும் குட்டிக் கண்டன்சர்கள் இருக்கும். எர்த் கிடைக்காவிட்டால் அவை உலோக பாடியைப் பாதி மின்னழுத்தத்தில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கவிடும். ஓடும் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆபத்தில்லை. எர்த் உள்ள சாக்கெட்டில் மூன்று பின் கார்டு போட்டால் நின்றுவிடும். மூன்று பின் போட்டும் நிற்கவில்லை என்றால் உங்கள் ஹாஸ்டல் சாக்கெட்டில் எர்த் இல்லை. வார்டனிடம் அதைச் சொல்லுங்கள்.

கரண்ட் போகும்போது வாடகை ஜெனரேட்டரிலிருந்து இரு பக்கமும் பிளக் வைத்த ஒயரை சாக்கெட்டில் மாட்டி வீடு முழுக்கக் கரண்ட் எடுக்கலாம் என்கிறார்களே?
– வாசகர், கும்பகோணம்

செய்யாதீர்கள். அந்த ஒயரின் ஒரு பிளக் கழன்றால் வெளியே நீட்டியிருக்கும் பித்தளைப் பின்னில் 230 வோல்ட். மெயினை அணைக்க மறந்தால் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்கு உள்ளே எது வெளியே எது என்று தெரியாது. இந்தப் பக்கம் 230 கொடுத்தால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட் லைனை உயிர்ப்பித்துவிடும். லைன் செத்துவிட்டது என்று கம்பத்தில் ஏறியிருப்பவர் என்ன ஆவார்? நடுவில் ஆஃப் நிலை உள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றுதான் சரியான வழி.

துணி காயப்போடும் ஜி.ஐ. கம்பியில் எப்படி ஷாக் வருகிறது?
– வாசகி, விழுப்புரம்

கம்பியின் ஒரு முனை இ.பி. கம்பத்திலோ, சர்வீஸ் ஒயர் உரசும் ஜன்னல் கம்பியிலோ, ஒயர் செல்லும் தகர ஷெட்டிலோ கட்டியிருக்கும். மழையில் தேய்ந்த இன்சுலேஷன் வழியாகக் கம்பி முழுக்கக் கரண்ட் வரும். ஈரத் துணியோடு வெறுங்காலில் நிற்பவர் தொடுவார். சர்வீஸ் ஒயர் பக்கத்துக் கசிவு என்றால் உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. நைலான் கயிறு கட்டுங்கள். ஆடு மாட்டைக் கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் கட்டாதீர்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வது?
– பல வாசகர்கள்

மெயினை இறக்குவது. எட்டாத தூரம் என்றால் உலர்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி இவற்றால் ஆளையோ ஒயரையோ தள்ளுங்கள். வெறுங்கையால் இழுக்கப் போய் இரண்டாவது ஆளும் போய்ச் சேர்ந்த சம்பவங்கள் உண்டு. விழுந்தது தெருவில் உள்ள ஹை டென்ஷன் லைன் என்றால் கட்டை கதையே வேண்டாம். பத்து மீட்டருக்கு உள்ளே போகாமல் இ.பி.க்குச் சொல்லி லைனை வெட்டச் செய்யுங்கள். ஏற்கெனவே அருகில் நிற்பவர் எட்டு வைத்து ஓடக் கூடாது. இரு பாதமும் ஒட்டியபடி, தரையிலிருந்து எடுக்காமல் நகர்ந்து நகர்ந்து வெளியேற வேண்டும். அகலமாகக் கால் வைத்தால் இரு காலுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் கூடும்.

பிரித்த பிறகு பேச்சும் சரியான மூச்சும் இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே மார்பு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், இரு கையும் கோத்து, 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. உள்ளங்காலைத் தேய்ப்பதிலும் தண்ணீர் தெளிப்பதிலும் நேரத்தை விடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் போர்டெல்லாம் மூழ்கியது. காய வைத்துப் போட்டுவிட்டோம், இதுவரை ஓடுகிறது. இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

தண்ணீருக்குள் இருந்த சுவிட்ச், சாக்கெட், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே சேறும் உப்பும் படிந்து ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். எம்.சி.பி. விழ வேண்டிய நாளில் விழாமல் போவது அப்படித்தான். பைப்புக்குள் போகும் ஒயரை மாற்றத் தேவையில்லாமல் போகலாம்: ஒவ்வொரு சர்க்யூட்டாக 500 வோல்ட் மெகர் வைத்து, ஒரு மெகா ஓமுக்குக் குறைந்ததை மட்டும் உருவி மாற்றுங்கள். மீட்டரின் சீலை நீங்கள் உடைக்கக் கூடாது, அதை இ.பி.தான் பார்க்கும்.

அடுத்த முறை தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். டி.பி. இருக்கும் இடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது என்றால் அதற்குள் இறங்கிப் போய் அணைக்காதீர்கள். கம்பத்திலிருந்து வெட்டச் சொல்லுங்கள்.